தகப்பன்சாமியும் பல்கலைக்கழகத் தெரிவும்



எல்லாம் வல்ல முருகப் பெருமானின் திருவருளால் இவ்வருடமும் எமது பிள்ளைகள் பலர் செஜெப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழக வாசலில் கால் வைக்கிறார்கள். இன்னும் பலர் செக்கண்டரி ஐந்தில் இருந்துகொண்டு எந்தச் செஜெப், எந்தப் பாடநெறி என்று யோசிக்கிறார்கள். இக்காலங்களில் ஆலயத்தில் அர்ச்சனைச் சீட்டுக்கள் கூடுவதை நாம் கண்டிருக்கிறோம். தகப்பனார் பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, குரலைத் தாழ்த்தி, "மெடிசின் கிடைக்க வேணும் ஐயா" என்று குருக்களிடம் சொல்லுவார். பிள்ளை பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். அந்தத் தலைகுனிவு பக்தியா அல்லது வேறொன்றா என்பதை முருகன் அறிவான். நாமும் கொஞ்சம் அறிந்துகொள்ள முயல்வது நல்லது.

சுவாமிமலைக் கதையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள். ஊரில் கோயில் மண்டபத்தில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும்போது, பிரமன் சிறைப்பட்ட கட்டம் வந்தால் சிறுவர்களாகிய நாம் நித்திரை கலைந்து நிமிர்ந்து உட்காருவோம். கயிலைக்கு வந்த பிரமன், சிறுவன்தானே என்று முருகனை மதியாமல் போனான். முருகன் அவனை அழைத்துப் பிரணவத்தின் பொருள் கேட்டான். படைப்புத் தொழில் செய்பவனுக்குப் பதில் தெரியவில்லை. தலையில் குட்டிச் சிறையில் இட்டான். பின்னர் சிவபெருமான் வந்து பிரமனை விடுவிக்கச் சொன்னார், விடுவித்தான். அப்படியானால் அந்தப் பொருளை நீ சொல் என்று தகப்பனார் கேட்டார். கேட்கிற முறையில் கேட்டால் சொல்லுவேன் என்றான் பிள்ளை. சிவபெருமான் சீடனைப் போல் அமர்ந்து, செவியைச் சாய்த்துக் கேட்டார். அதனால் முருகனுக்குச் சுவாமிநாதன் என்றும் தகப்பன்சாமி என்றும் பெயர் வந்தது. இன்றைக்கும் சுவாமிமலைக்குப் போனவர்கள் சொல்லுவார்கள்: மீனாட்சி சுந்தரேசுவரர் சந்நிதி கீழே இருக்கிறது, தமிழ் வருடங்கள் அறுபதின் பெயர் கொண்ட 60 படிகள் ஏறித்தான் மேலே பிள்ளையைத் தரிசிக்க வேண்டும்.

இந்தக் கதையில் ஒரு கேள்வி உண்டு. பிரணவத்தின் பொருள் சிவபெருமானுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கேட்டார். பிள்ளையின் வாயால் அது வரவேண்டும் என்று கேட்டார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரமனைச் சிறையில் வைத்தது போதும், விட்டுவிடு என்று சொல்லும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தகப்பனுக்குச் சொல்லும் வாயும் உண்டு, கேட்கும் செவியும் உண்டு. எமது வீடுகளில் வாய்க்குக் குறைவில்லை.

இந்த நாட்டில் அந்தச் செவி இன்னும் அவசியம் என்று நாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1977ஆம் ஆண்டின் 101ஆம் இலக்கச் சட்டத்தின்படி எமது பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். எட்டு வயதில் இருந்தே அவர்கள்தான் எமக்கு மொழிபெயர்ப்பாளர். டொக்டரிடம் அம்மாவின் வருத்தத்தைச் சொன்னது யார்? ஹைட்ரோ கடிதத்தை வாசித்தது யார்? வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லித் தந்தது யார்? தகப்பன்சாமிதான். அப்படி எமக்கு இந்த நாட்டையே வாசித்துச் சொன்ன பிள்ளைக்குப் பதினேழு வயதானதும், "உனக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் சொல்வதை எடு" என்கிறோம்.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? ஆணவத்தால் என்று நாம் நினைக்கவில்லை. பயத்தால் சொல்கிறோம். அந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் அது வேறொரு நாட்டில் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. தமிழ் மொழியில் பரீட்சை எழுதிய பிள்ளை கூடுதல் புள்ளி எடுத்தால்தான் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகலாம் என்றானது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்றைக்கும் இலங்கையில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்றுதான் இடங்கள் பிரிக்கப்படுகின்றன. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். அதற்குள் வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். தாண்டாதவனுக்கு அரசாங்கப் பல்கலைக்கழக வாசல் அடைபட்டுவிடும். ஒரு புள்ளி, அரைப் புள்ளியில் வாழ்க்கை திரும்பியவர்கள் எம்மில் எத்தனை பேர்! 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாவற்குழிப் பக்கமாக யாழ்ப்பாணமே நடந்தபோது, உடுப்பை விட்டுவிட்டு நோட்ஸ் கொப்பிகளைச் சுமந்த மாணவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்தத் தலைமுறையில் நாமும் ஒருவர். படிப்பு ஒன்றுதான் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய சொத்து என்று அன்றைக்கு விளங்கியது. விளங்கியது பொய்யும் அல்ல.

ஆனால் இங்குள்ள வாசல் வேறு விதமாகக் கட்டப்பட்டது. அதன் அமைப்பைப் பெற்றோர் அறிந்தால் பயத்தில் பாதி குறையும் என்பது ஒரு கணக்காளராக நாம் கண்டது. ஆகவே கொஞ்சம் கணக்குப் பேசுவோம், பொறுத்தருள்க.

கியூபெக்கில் பள்ளிக்கூடம் பதினோராம் ஆண்டோடு முடிகிறது. பின் 1967இல் தொடங்கப்பட்ட செஜெப். பல்கலைக்கழகத்துக்குப் போக இரண்டு வருடப் படிப்பு, அல்லது நேரே வேலைக்குப் போகக்கூடிய மூன்று வருடத் தொழில்நுட்பப் படிப்பு. எமது புரோசார்ட் பிள்ளைகள் பெரும்பாலும் லோங்கேயில் பிரெஞ்சுச் செஜெப்புக்கோ, சென்-லாம்பேரில் ஆங்கிலச் செஜெப்புக்கோ, பாலம் கடந்து நகரத்துக்கோ போவார்கள். 2022ஆம் ஆண்டின் 96ஆம் இலக்கச் சட்டத்தின்பின் ஆங்கிலச் செஜெப்புக்களின் இடங்கள் வரையறுக்கப்பட்டு, அங்கும் பிரெஞ்சுத் தேவை கூடியிருக்கிறது. ஆங்கிலம் சுலபம் என்று நினைத்துப் போகும் பிள்ளைகள் இதை முதலிலேயே விசாரிக்க வேண்டும். மூன்று வருடத் தொழில்நுட்பப் படிப்பைக் குறைந்த படிப்பு என்று எம்மவர்கள் சொல்வது சரியில்லை. தாதியர் படிப்பை அப்படி முடித்து நல்ல வேலையில் இருந்துகொண்டு, பின்னர் பல்கலைக்கழகப் பட்டமும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கியலிலும் அப்படியே, தொழில்நுட்ப டிப்ளோமாவுக்குப் பல்கலைக்கழகத்தில் சில பாடங்கள் விலக்கப்படுவது உண்டு.

ஆர் ஸ்கோர் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். அன்னதான வரிசையில்கூட "உங்கட மகளுக்கு முப்பதைத் தாண்டினதோ" என்று கேட்கிறார்கள். (அன்னதான வரிசையில் கேட்கவேண்டிய கேள்வி வேறு, சாம்பார் முடிந்துவிட்டதா என்பதுதான்.) 1990களின் நடுப்பகுதியில் வந்த இந்த முறை, வகுப்பின் சராசரியோடு பிள்ளையின் புள்ளியை ஒப்பிடுகிறது, அந்த வகுப்பில் இருப்பவர்கள் உயர்நிலைப் பள்ளியில் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதையும் பார்த்துத் திருத்துகிறது. 85 எடுத்த இரு பிள்ளைகளின் ஆர் ஸ்கோர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இலங்கையில் 2001 தொடக்கம் இசட் புள்ளி முறை இருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படைக் கணிதம் உறவினர் மாதிரித்தான். வித்தியாசம் எங்கே என்றால், இங்கே பிள்ளையின் இனமோ மாவட்டமோ அந்தக் கணக்கில் வராது. இன்னொரு வித்தியாசம், செஜெப்பின் முதல் செமஸ்ரரில் தவறிய பாடம் கால் பங்கு எடையுடன்தான் கணக்கில் சேரும். பின் செமஸ்ரர்களில் அரைப் பங்கு. இந்தக் கணக்கை எழுதியவர்களுக்கு, பதினேழு வயதில் புது இடத்துக்குப் போகும் பிள்ளை முதலில் தடுமாறும் என்பது தெரிந்திருக்கிறது. அந்தளவு இரக்கம் எமக்கும் இருக்கலாம்.

மருத்துவத்துக்கு ஆர் ஸ்கோர் போதாமல் போனால்? செஜெப்பில் இருந்தே மருத்துவத்துக்குப் போகும் வழி கியூபெக்கில் இருக்கிறது. மற்ற மாகாணங்களில் பெரும்பாலும் முதலில் வேறொரு பட்டம் வேண்டும். அந்த வழி இங்கும் திறந்தே இருக்கிறது. வேறு துறைக்கு மாற விரும்புபவர்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்தபின் விண்ணப்பித்தால், அங்கே எடுத்த பெறுபேறுகள்தான் பெரும்பாலும் நிறுக்கப்படும். செஜெப்பின் நிழல் மெல்ல மங்கிவிடும். நாமே முப்பது வயதுக்கு மேல் யாழ்ப்பாணப் பட்டத்துக்கு ஒப்பீட்டு மதிப்பீடு எடுத்துக்கொண்டு, பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வாங்கில் இருந்தோம். யாரும் வயதைக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை கல்குலேற்றருக்கு பற்றரி இருக்கிறதா என்று மட்டும் கேட்டது.

இனி, புதிதாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுடன் நேரே பேசுகிறோம். செஜெப் முடித்தவருக்கு சாதாரணப் பட்டம் 90 கிரெடிற், பொறியியலுக்குக் கூட. ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிற். ஒரு செமஸ்ரருக்கு ஐந்து பாடம் எடுத்தால் மூன்று வருடத்தில் முடியும். பாட இலக்கங்களைப் பார்த்து வெருளாதீர்கள். எமது புரோசார்ட்டில் ஒரு பகுதியின் தெருக்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்குவது போலத்தான்: முன்னால் நிற்கும் எழுத்துக்கள் எந்தத் துறை என்று சொல்லும், முதல் இலக்கம் எந்தப் படி என்று சொல்லும். முதலாம் வருடத்தில் நானூறாம் படிப் பாடத்தை எடுத்துவிட்டு அழ வேண்டாம். மக்கிலிலும் கொங்கோடியாவிலும் வகுப்புத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குப் பாடங்களைப் பண நட்டமில்லாமல் மாற்றலாம். அந்தத் திகதியை நாட்காட்டியில், ஆலய நாட்காட்டியில் என்றாலும் சரி, சிவப்பால் குறியுங்கள். அதற்குப் பின்னும் விலகலாம். பணம் திரும்பி வராது. சென்ற வருடத்து மாணவர்களிடம் விசாரித்து, முதல் வகுப்புக்குப் போய்ப் பார்த்து, பிடிக்காவிட்டால் அந்த இரண்டு வாரத்துக்குள் மாற்றுவது புத்தி. ஆலோசகர் என்று ஒவ்வொரு பீடத்திலும் ஒருவர் இருப்பார். அவரிடம் போவது குற்றவாளி பொலிசுக்குப் போவது போல அல்ல. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

பிடித்ததைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு நாம் நிறுத்தவும் முடியாது. சுவாமிமலைக்கு அருகில் உள்ள கும்பகோணத்தில்தான் கணித மேதை இராமானுஜன் 1904இல் அரசினர் கல்லூரிக்கு உபகாரச் சம்பளத்துடன் போனார். கணிதத்திலேயே முழுகி மற்றப் பாடங்களைக் கைவிட்டார். உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் அங்கும் மற்றப் பாடங்களில் தவறினார். நாமகிரித் தாயாரை வழிபட்ட அந்த மேதை 1912இல் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு எழுதுவினைஞராக இருந்தார். (எமது தொழிலுக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.) 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். அவருக்குக் கதவு திறந்தது. ஆனால் பட்டினியும் அலைச்சலும் பத்து வருடம் தின்றன. நீங்கள் விரும்பும் துறைக்குப் போகும் வழியில் விரும்பாத பாடங்களும் நிற்கும். வணிகத்துக்கே செஜெப்பில் கல்குலஸும் லீனியர் அல்ஜீப்ராவும் கேட்கும் இடங்கள் உண்டு. கணிதம் வேண்டாம் என்று பதினேழு வயதில் விடுபவர், பத்தொன்பது வயதில் எந்தக் கதவு மூடியது என்று பார்த்துவிட்டு விட வேண்டும்.

மீண்டும் பெற்றோரிடம் வருகிறோம். கியூபெக் மாணவனுக்கு நிரந்தரக் குறியீடு என்று ஒன்று உண்டு. நான்கு எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்டது. குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்து, பிள்ளையின் பெயரின் முதல் ஓர் எழுத்து, பின்னர் பிறந்த திகதியில் இருந்து வரும் இலக்கங்கள். எம்மவரிடம் குடும்பப் பெயர் என்பது தகப்பனின் பெயர்தான். ஆகவே ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் தகப்பனுக்கு மூன்று எழுத்தும் தனக்கு ஒரே ஓர் எழுத்துமாகத்தான் விண்ணப்பப் படிவத்தை அனுப்புகிறது. படிவத்தில் அப்படி இருக்கட்டும். வீட்டில் பேசும்போதாவது அந்த விகிதம் மாறலாம்.

மாறாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எழுத எமக்கு விருப்பமில்லை. எழுதாமல் விடவும் மனமில்லை. 2023 ஜூலை 31ஆம் திகதி முதல் புரோசார்ட்டில் இருந்து ரெம் ரயில் ஓடுகிறது. நகரத்துக்குப் போக இருபது நிமிடமும் ஆகாது. அதற்கு முன் பனாமாவில் பஸ் ஏறிச் சாம்பிளேன் பாலத்தில் நின்று நின்று போனார்கள். பஸ்ஸிலும் சரி, ரயிலிலும் சரி, காலையில் பையோடு ஏறி, வகுப்புக்குப் போகாமல், நூலகத்திலோ கடைத்தொகுதியிலோ மாலை வரை இருந்துவிட்டு, வழமையான நேரத்துக்கு வீடு வந்து "வகுப்பு எப்படி" என்ற கேள்விக்கு "நல்லம்" என்று சொன்ன பிள்ளைகளை நாம் அறிவோம். ஒரு செமஸ்ரர், இரண்டு செமஸ்ரர் அப்படி. தாங்கள் கேட்காத பாடநெறியில் தவறியதைச் சொல்ல அவர்களுக்கு வீட்டில் இடம் இருக்கவில்லை. பொய் சொன்னது பிள்ளைதான். ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது?

இரவு வேலை செய்து, சவர்க்காரத் தண்ணீரில் கை ஊறிப் படிப்பித்த பெற்றோருக்கு இதைக் கேட்கக் கோபம் வரும். அந்தக் கோபத்தை நாம் மதிக்கிறோம். பணத்தைப் பற்றிக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. எத்தனை வருடம், முடித்தபின் என்ன வேலை, டிக்ஸ் 30 கடையில் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்யப் போகிறாய் என்றெல்லாம் கேளுங்கள். பிரமனை விடு என்று சிவபெருமான் சொன்னது போலச் சொல்லவேண்டியதைச் சொல்லுங்கள். மாகாண அரசின் மாணவர் கடன் உதவித் திட்டத்தில் ஒரு பகுதி கடனாகவும், தேவை கூடினால் மிச்சம் திருப்பிக் கட்டத் தேவையில்லாத பேசறியாகவும் வருகிறது. வருமானம் குறைந்த எமது குடும்பங்கள் பல, கடன் என்ற சொல்லைக் கேட்டு வெருண்டு அந்தப் படிவத்தையே திறப்பதில்லை. கியூபெக் வதிவிட அத்தாட்சியை நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் வெளிமாகாணக் கட்டணம் போட்டுவிடுவார்கள், அதுவும் கவனம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் சேர் பொன். இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில்தான் 1974இல் தொடங்கியது. வளாகத்தின் உள்ளேயே பரமேஸ்வரன் கோயில் இருக்கிறது. பரீட்சைக்குப் போகும் வழியில் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போவோம். கும்பிடாதவனும் பரீட்சை நாளில் கும்பிடுவான். இங்கே பிள்ளைகள் போகும் வழியில் கோயில் இல்லை. அதனால் ஆலயம் பிள்ளைகளிடம் வரவேண்டியிருக்கிறது.

செஜெப்புக்கும், செஜெப்பில் இருந்து பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்க மார்ச் 1ஆம் திகதி முக்கியமான நாள். விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்க வரும் சின்னஞ் சிறுவர்கள் எழுந்து போனபின், அதே மண்டபத்தில் பாய் விரித்து நாம் சிலர் இருப்போம். செஜெப்பிலும் பல்கலைக்கழகத்திலும் இப்போது படிக்கும் பிள்ளைகள் நால்வர் ஐவரும் எம்முடன் இருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். பிள்ளை இல்லாமல் பெற்றோர் மட்டும் வந்தால் தேநீர் தந்து திருப்பி அனுப்புவோம். கடைசிப் பெறுபேற்று அறிக்கையும், வதிவிட அட்டையும், நிரந்தரக் குறியீடும் கொண்டு வரவும். முதல் பத்து நிமிடம் பிள்ளை மட்டும் பேசும். சுண்டலும் அவலும் உண்டு.